கடைசி 40 கெஜம்

கோல்ஃப் ஆடும் நம் வயதுக்காரர்களோடு எனக்கு ஒரு தீராத சண்டை உண்டு. 65 தாண்டிய பிறகு புது டிரைவர் வாங்குகிறார்கள். காரோட்டும் டிரைவர் இல்லை. முதல் ஷாட் அடிப்பதற்கான, பெரிய தலை வைத்த மட்டை. வெளிநாட்டிலிருந்து வரும் மகனோ மருமகனோ, பெட்டியில் அடங்காத அந்த நீளச் சாமானைத் தனியாகத் தூக்கிக்கொண்டு மீனம்பாக்கத்தில் வந்து இறங்குகிறார். விலையைக் கேட்டால், “வீட்டுல சொல்லிடாதீங்க சார்” என்கிறார்கள். அந்த மட்டையால் பந்து முன்பைவிடப் பத்து கெஜம் கூடப் போகிறது. பாதி நாள் அந்தப் பத்து கெஜம் பக்கவாட்டில் போகிறது. அதே மனிதர், கிரீனுக்கு 20 கெஜம் தள்ளிக் கிடக்கும் பந்தைக் குழியில் போட நாலு ஷாட் எடுக்கிறார். அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. “இன்னிக்கு டிரைவ் பிரமாதமா விழுந்தது” என்று சொல்லிக்கொண்டே காபி குடிக்கக் கிளம்பிவிடுகிறார்.

என் கட்சி இதுதான். நம் வயதில் பயிற்சிக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால், அதில் முக்கால் மணி நேரத்தைக் கடைசி 40 கெஜத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்த 40 கெஜம் மட்டும் ஆடினாலும் அது முழு ஆட்டம்தான் என்றும் சொல்வேன். இதைப் பின்னால் விளக்குகிறேன்.

ஆடாதவர்களுக்காக இரண்டு வரி. பந்தைத் தூரத்திலிருந்து அடித்து, வழவழவென்று வெட்டப்பட்ட கிரீன் என்ற புல்தரைக்குக் கொண்டுவந்து, அங்கே உள்ள குழியில் உருட்டிப் போட வேண்டும். இப்படி 18 குழிகள். குறைந்த ஷாட்டில் முடித்தவர் ஜெயித்தார். தமிழில் தூரத்தை அளப்பதும் அடி, மட்டையால் போடுவதும் அடி. குழப்பம் வேண்டாம் என்று மட்டையால் போடுவதை ஷாட் என்றே எழுதுகிறேன். கிரீனுக்கு வெளியே நின்று பந்தைச் சற்றே தூக்கி உருளவிடுவது சிப். இன்னும் கொஞ்சம் உயரமாகத் தூக்கிப் போடுவது பிட்ச். கிரீனில் உருட்டுவது பட். உருட்டும் மட்டைக்குப் பட்டர் என்று பெயர். ரொட்டியில் தடவுவதும் இல்லை, திருநீர்மலைக் கோயிலில் அர்ச்சனை செய்பவரும் இல்லை.

நம்மில் பெரும்பாலோர் கோல்ஃபை முதல்முதலாக உட்கார்ந்து பார்த்த நாள் 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை. அன்று சாயங்காலம் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வாங்கியதில் காலையில் நடந்தது பலருக்கு மறந்துவிட்டது. அதிகாலையிலிருந்து டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூருப் பெண் அதிதி அசோக் பதக்கத்துக்காக ஆடிக்கொண்டிருந்தார். போகி, பர்டி என்றால் என்னவென்று தெரியாதவர்களெல்லாம் பல் தேய்க்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அதிதி அப்போது உலகத் தரவரிசையில் 200-வது இடம். தங்கம் வாங்கிய அமெரிக்காவின் நெல்லி கோர்டா முதல் இடம். வந்திருந்த 60 பேரில், தூரமாக அடிப்பதில் அதிதி கடைசி வரிசை. சில மாதம் முன்பு கொரோனா வந்து போனதில் இருந்த பலமும் குறைந்திருந்தது. மற்றவர்கள் சின்ன மட்டையால் கிரீனுக்குள் போடும் இடத்தில் இவர் பெரிய மட்டையை எடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் நாலு நாள் ஆட்டம் முடிந்தபோது நான்காம் இடம். வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் மோதிய இருவருக்கும் அவருக்கும் இடையே ஒரே ஒரு ஷாட். கடைசிக் குழியில் அவர் உருட்டிய நீளமான பட் உள்ளே போயிருந்தால் அவரும் அந்த மோதலில் இருந்திருப்பார்.

நம் சங்கத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. தூரம் இல்லாதவர் தூரத்துக்கு ஏங்காமல், தன்னிடம் உள்ள பட்டரை வைத்துக்கொண்டு உலக நம்பர் ஒன்னுக்குப் பக்கத்தில் நின்றார்.

கணக்கும் என் பக்கம்தான். சாதாரணமாக 18 குழிகளுக்குப் பார் 72. அந்த 72 எப்படி வந்தது? ஒவ்வொரு கிரீனிலும் இரண்டு பட் என்று வைத்துத்தான். அதாவது 36. பாதி ஆட்டம் உருட்டுவதற்கே ஒதுக்கப்பட்டிருக்கிறது. நம் பயிற்சியில் பாதி அதற்குப் போகிறதா?

இங்கே ஒருவர் எழுந்து, “மார்க் பிராடி புத்தகம் படித்தீரா?” என்று கேட்பார். நியாயமான கேள்வி. பிராடி கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஷாட்டுகளை லட்சக்கணக்கில் அலசி 2014-ல் புத்தகம் போட்டார். நல்ல ஆட்டக்காரருக்கும் சுமார் ஆட்டக்காரருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு வெளியே வருகிறது, உள்ளே மூன்றில் ஒரு பங்குதான் என்று காட்டினார். சின்ன ஆட்டம்தான் எல்லாம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த கோச்சுகளுக்கு அது பெரிய இடி. பிராடியின் கணக்கை நான் மறுக்கவில்லை. இருபது வயதுப் பேரன் கேட்டால் நானே அந்தப் புத்தகத்தைத்தான் கொடுப்பேன். ஆனால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி. எந்த வித்தியாசத்தை நம்மால் குறைக்க முடியும் என்பது வேறு கேள்வி. இடுப்பு திரும்ப மறுக்கிறது, தோள் பாதியில் நிற்கிறது, முதுகுத்தண்டில் எல்-4, எல்-5 என்று டாக்டர் நம்பர் சொல்கிறார். 100 கெஜத்துக்கு வெளியே போன சொத்து திரும்பி வராது. 40 கெஜத்துக்கு உள்ளே உடம்பிடம் கேட்பது மிகக் கொஞ்சம்.

2009-ல் டர்ன்பெரியில் நடந்த பிரிட்டிஷ் ஓபனை யாராவது பார்த்தீர்களா? டாம் வாட்சனுக்கு அப்போது 59 வயது. கடைசிக் குழியைப் பாரில் முடித்தால் பட்டம். அவருடைய அயர்ன் ஷாட் அருமையாகத்தான் போனது. கிரீனைத் தாண்டி ஓரத்தில் நின்றது. அங்கிருந்து பட்டரால் தள்ளினார், குழியைத் தாண்டி ஓடியது. திரும்பி வர வேண்டியது எட்டு அடி தூரம் இருக்கும். விழவில்லை. பிறகு ஸ்டூவர்ட் சிங்க் பிளேஆஃபில் ஜெயித்தார். 71 குழிகள் இளைஞர்களோடு சமமாக ஆடிய மனிதரைக் கடைசியில் தடுத்தது அந்தச் சில அடி தூரம்.

எட்டு அடி என்றதும் இன்னொன்று. உலகத்தின் முதல்தரத் தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டு அடி தூரத்திலிருந்து பாதிக்குப் பாதிதான் போடுகிறார்கள். மூன்று அடி தூரத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. ஆக, எட்டு அடியைத் தவறவிட்டால் பட்டரைத் திட்ட வேண்டாம். தூரத்திலிருந்து உருட்டும்போது மூன்று அடி வட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவதுதான் நாம் கற்க வேண்டியது. நம் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 30 அடி தூரத்தில் நின்றுகொண்டு வலமா இடமா என்று உட்கார்ந்து எழுந்து பார்க்கிறார்கள். பந்து வலமும் போவதில்லை, இடமும் போவதில்லை; ஆறு அடி முன்னாலேயே நின்றுவிடுகிறது. தப்பு திசையில் இல்லை, வேகத்தில்.

வேகம் நமக்குப் புதிதல்ல. கோலி ஆடிய கை இது. தெருவில் குழி தோண்டி, கோலியை உருட்டிக் குழிக்குப் பக்கத்தில் நிறுத்திய காலத்தில் யாரும் அளவு சொல்லித் தரவில்லை. கண் குழியைப் பார்த்தது, கை செய்தது. பட்டிங்கும் அதேதான். பந்துக்கு மேலே நின்றுகொண்டு அதையே முறைத்துப் பார்ப்பதை விட்டு, குழியைப் பார்த்தபடி இரண்டு தரம் காற்றில் வீசிப் பார்த்துவிட்டு உருட்டினால், பழைய கை ஞாபகம் வரும். நாசாவில் வேலை பார்த்துவிட்டு கோல்ஃபுக்கு வந்த டேவ் பெல்ஸ் என்பவர் கணக்குப் போட்டுச் சொன்னார்: குழியில் விழாவிட்டால் சுமார் 17 அங்குலம் தாண்டி நிற்கும் வேகம்தான் சரியான வேகம். ஒன்றரை அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். குழிக்கு வராமல் முன்னாலேயே நிற்கும் பந்து எந்தக் காலத்திலும் விழாது.

சென்னைப் பக்கத்து கிரீனில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது; வெளிநாட்டு வீடியோக்களில் பாதி இதைச் சொல்வதே இல்லை. குளிர் நாட்டு கிரீன்களில் பெரும்பாலும் வேறு வகைப் புல். நம் ஊர் வெயிலுக்குத் தாங்குவது பெர்முடா. பெயர் பெரியதாக இருக்கிறதே என்று பார்த்தால், பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லின் ஜாதிதான். அருகு படர்ந்து ஒரு பக்கமாகச் சாயும். சாய்ந்த பக்கமே பந்து போனால் வேகமாக ஓடும். எதிர்த்துப் போனால் சேற்றில் சிக்கினதுபோல நிற்கும். பந்துக்குப் பின்னால் நின்று குழியைப் பாருங்கள். புல் பளபளவென்று வெளுப்பாகத் தெரிந்தால் நம்மைவிட்டு அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, மெதுவாக உருட்டலாம். கரும்பச்சையாகத் தெரிந்தால் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, கூடுதலாகத் தள்ள வேண்டும். வயதான கேடிகளுக்கு இது மூச்சு விடுவதுபோல வரும். பந்தை வைக்கும் முன்பே “எதிர்ப் புல்லு சார், கொஞ்சம் தெகிரியமா அடிங்க” என்பார்கள். கேட்டுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள்.

கேடிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த விஷயத்தை எழுத முடியாது. 1991-ல் இந்தியன் ஓபனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் கேடியாக இருந்தவர். 1993-லும் வென்றார். 2009-ல் வென்ற சி. முனியப்பா பெங்களூரில் பை தூக்கியவர். கேடிப் பையன்கள் ஆடக் கற்றுக்கொள்ளும் விதத்தைக் கவனித்தால் நாம் எங்கே தவறுகிறோம் என்று புரியும். முழு செட் மட்டை அவர்களிடம் கிடையாது. யாரோ தூக்கிப்போட்ட ஒரு அயர்ன், நாலு பழைய பந்து. விசாலமான மைதானத்தில் அவர்களை எந்நேரமும் ஆட விடுவதும் இல்லை. ஏதாவது ஒரு மூலையில் ஒரு குச்சியை நட்டு அதைச் சுற்றிச் சுற்றிப் போடுவார்கள். தாழ்வாக, உயரமாக, வெட்டி, உருட்டி, எல்லாம் அந்த ஒற்றை மட்டையால். இல்லாமையால் செய்தார்கள். நாம் இருந்தும் செய்வதில்லை.

சிப்புக்கு வருகிறேன். நான் பார்க்கும் சிப்புகளில் பத்துக்கு ஏழு கெடுவது ஒரே காரணத்தால்: பந்தைத் தூக்க முயல்கிறார்கள். தூக்குவது மட்டையின் வேலை. அதன் முகத்தைச் சாய்வாகச் செய்திருப்பதே அதற்குத்தான். நாம் மணிக்கட்டை மடக்கி அள்ளப் பார்த்தால், ஒன்று மட்டை தரையைக் கொத்தும், இல்லையென்றால் பந்தின் தலையில் பட்டு அது கிரீனுக்கு அந்தப் பக்கம் போய்விழும். கால்களைச் சேர்த்து வைத்து, உடம்பின் பாரத்தை முன்காலில் போட்டு, கைகள் பந்துக்கு ஒரு துளி முன்னால் இருக்கும்படி, தோளை மட்டும் ஊஞ்சல்போல ஆட்டினால் போதும். பட்டரால் உருட்டுவதுபோலவே. முதுகுக்கு வலியில்லை, மூச்சிரைப்பும் இல்லை.

அப்புறம், எந்த மட்டை? டிவியில் உயரமாகத் தூக்கிப்போட்டு பந்தை அங்கேயே நிறுத்துவதைப் பார்த்துவிட்டு எல்லோரும் 60 டிகிரி வெட்ஜ் வாங்கி வைத்திருக்கிறார்கள். அதை ஒழுங்காகப் போடுவதற்குத் தினமும் மணிக்கணக்கில் ஆட வேண்டும். நமக்கும் கிரீனுக்கும் நடுவே மணல் பள்ளமோ தண்ணீரோ இல்லையென்றால், ஏழாம் நம்பர் அயர்னை எடுத்து, கிரீனுக்குள் ஓர் எட்டு தூரத்தில் பந்தை விழவிட்டு, மிச்சத்தை உருளவிடுங்கள். காற்றில் போகும் பந்துக்கு ஆயிரம் வழி, தரையில் உருளும் பந்துக்கு ஒரே வழி. இது கிழவர் ஆட்டம் என்று இளைஞர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கார்டில் எழுதுவது எண்ணிக்கையை மட்டும்தான்.

மணல் பள்ளத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. அது தனிப் புராணம். ஒன்று மட்டும். 1930-களில் ஜீன் சாரசன் அடிப்பாகம் தடித்த சாண்ட் வெட்ஜை உருவாக்கிப் பிரபலப்படுத்தியதே, மட்டை மணலில் புதையாமல் வழுக்கிப் போகத்தான். பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் மணலை அடித்தால் மணலோடு பந்தும் வரும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து இறுகிய நம் ஊர் மணலில் அந்தத் தடித்த அடி எகிறிப் பந்தின் நடுவில் போய் மோதும். அந்த இரண்டு மாதமும் பிட்சிங் வெட்ஜ் உத்தமம்.

இதற்கெல்லாம் மைதானம் வேண்டாம் என்பதுதான் விசேஷம். ஹாலில் பவானி ஜமுக்காளத்தைச் சுருக்கமில்லாமல் விரித்து, ஓர் எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்தால் பட்டிங் கிரீன் தயார். மொசைக் தரையில் வேண்டாம், பந்து சோபாவுக்கு அடியில் போய்விடும். எடுக்கக் குனிவதுதான் முதுகுக்கு வினை. கோல்ஃப் குழியின் வாய் நாலேகால் அங்குலம், டம்ளரின் வாய் மூன்று அங்குலம் இருந்தால் அதிகம். ஒரு மாதம் டம்ளருக்குள் போட்டுப் பழகியவருக்குக் குழி கிணறு மாதிரி தெரியும். மொட்டை மாடியில் தேங்காய் நார் மிதியடியின் மேல் பந்தை வைத்து, ஏழெட்டு எட்டு தள்ளி வைத்த அன்னக்கூடையில் சிப் பண்ணலாம். ஆனால் உள்ளே காற்று மட்டும் இருக்கும் பிளாஸ்டிக் பந்தாக இருக்கட்டும். நிஜப் பந்து பக்கத்து வீட்டு சின்டெக்ஸைத் தேடிப் போகும். பட்டரின் பிடியில் மாட்ட ஒரு சின்ன ரப்பர் கிண்ணம் விற்கிறது. குனியாமல் பந்தை உறிஞ்சி எடுத்துவிடலாம். இதை வாங்க மட்டும் யோசிக்காதீர்கள்.

கை நடுங்குகிறதே என்பவர்களுக்கு பெர்ன்ஹார்ட் லாங்கர். குட்டிப் பட் போடும்போது கை திடீரென்று வெட்டி இழுக்கும் யிப்ஸ் என்ற வியாதி அவருக்கு வாலிபத்திலேயே பலமுறை வந்தது. ஒவ்வொரு தடவையும் பிடியை மாற்றினார், மட்டையை மாற்றினார். 2016-ல் நீளப் பட்டரை நெஞ்சில் ஊன்றக்கூடாது என்று விதி வந்தபோது, ஊன்றாமலே அதைப் பிடிக்கப் பழகிக்கொண்டார். 2023-ல் அமெரிக்க சீனியர் ஓபனை வென்றபோது 65 முடிந்து 66-ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். நம் பிடி எப்படி இருக்க வேண்டும் என்று எந்தப் புத்தகத்திலும் சட்டம் இல்லை. 2019 முதல், குழியில் கொடிக்கம்பு இருக்கும்போதே உருட்டலாம் என்றும் விதியைத் தளர்த்திவிட்டார்கள். நடந்துபோய்ப் பிடுங்கும் வேலை மிச்சம்.

இப்போது இடத்துக்கு வருவோம். சென்னையில் கோல்ஃப் என்றால் நந்தனத்தில் காஸ்மாபாலிடன் கிளப் மைதானமும், கிண்டி ரேஸ் கோர்ஸுக்குள் ஜிம்கானா மைதானமும் என்றுதான் பழக்கம். இரண்டுக்கும் உள்ளே போக உறுப்பினர் தயவு வேண்டும். 2024 செப்டம்பரில் ரேஸ் கோர்ஸ் நிலம் சுமார் 160 ஏக்கரின் குத்தகையை அரசு ரத்து செய்ததிலிருந்து, அங்கே கோல்ஃபின் எதிர்காலமும் கேள்விக்குறியாகிவிட்டது. நகரத்தின் நடுவே அத்தனை ஏக்கர் சிலருக்கு மட்டும் எதற்கு என்று மக்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. கோல்ஃப் பிரியனான நானும் அதை மறைக்க மாட்டேன். பெருங்களத்தூரிலோ சேலையூரிலோ இனி எவரும் 100 ஏக்கர் ஒதுக்கப் போவதில்லை, ஒதுக்கவும் கூடாது. ஏரி வாய்க்கால்களுக்கே இடம் பற்றவில்லை.

ஆனால் கடைசி 40 கெஜத்துக்கு இரண்டு கிரவுண்டு போதும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், உலகப் புகழ்பெற்ற அந்த மைதானத்தை ஒட்டியே, ஹிமாலயாஸ் என்று மேடும் பள்ளமுமாக ஒரு பட்டிங் திடல் இருக்கிறது. 1867-ல் பெண்களுக்காகத் தொடங்கிய பட்டிங் கிளப்பின் இடம். இன்று யார் வேண்டுமானாலும் சொற்பக் கட்டணம் கொடுத்து, ஒரு பட்டரும் பந்தும் வாங்கிக்கொண்டு, பாட்டியும் பேரனுமாக ஆடலாம். பட்டரும் பந்தும் தவிர வேறொன்றும் தேவையில்லை. தாம்பரம் 2021-ல் மாநகராட்சியாகியது. பூங்காக்கள் பல சீராகிவருகின்றன. பூங்காவுக்குப் பூங்கா நீல மஞ்சள் நிறத்தில் உடற்பயிற்சிக் கருவிகள் வைத்தார்கள். அவற்றில் பாதியைச் சிறுவர்கள் ஊஞ்சலாக ஆடுகிறார்கள். அந்தச் செலவில் ஒரு பங்கு போதும், ஒரு பூங்காவின் மூலையில் ஒன்பது குழி பட்டிங் திடல் போட.

பராமரிப்பு என்று அதிகாரிகள் இழுப்பார்கள் என்பது தெரியும். கிளப் கிரீன்போல மூன்று நாலு மில்லிமீட்டருக்கு வெட்டத் தனி யந்திரமும் தினசரிக் கவனிப்பும் வேண்டும். அது மாநகராட்சியால் ஆகாது. அருகம்புல்லைச் சென்டிமீட்டர் உயரத்துக்கு வெட்டிவிட்டால் போதும். பந்து மெதுவாக ஓடும், அவ்வளவுதான். நம் நாட்டின் பல மைதானங்களில் ஒரு காலத்தில் புல்லே இல்லாமல், மணலில் எண்ணெய் கலந்து பரப்பிய பிரவுன்களில்தான் உருட்டினார்கள். தண்ணீர்ப் பஞ்சக் காலத்தில் அதுவும் ஒரு வழி.

அதுவரை காத்திருக்க மனமில்லாதவர்கள், மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் முளைத்திருக்கும் கால்பந்து டர்ஃப்களின் சொந்தக்காரர்களிடம் பேசிப் பார்க்கலாம். அவர்களுக்கு வியாபாரம் சாயங்காலத்துக்கு மேல்தான்; வார நாள் காலை ஆறிலிருந்து எட்டு வரை பல இடங்களில் பூட்டிக் கிடக்கிறது. நாலைந்து பெரியவர்கள் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குப் பேரம் பேசினால் படியும் என்று நினைக்கிறேன். சிப்புக்குச் செயற்கைப் புல் சரியாகவே வரும், தரையும் பெயராது. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். எட்டரைக்கு மேல் அந்த ரப்பர் தரையில் நிற்க முடியாது.